ஆறாவது கட்டம்: கிரேக்க அறிவுத் தெய்வம் பற்றிய ஒரு குறுக்கெழுத்துக் குறிப்பும் அதன் விளைவுகளும்

பின்னணி

சென்னையில் உள்ள ஒரு வாசகர் வட்டம் தன் உறுப்பினர்களுக்காக மாத இதழ் ஒன்றை நடத்துகிறது. அதன் கடைசிப் பக்கம் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிருக்கும், அதற்கு முந்தைய பக்கம் தமிழ்ப் புதிருக்கும் உரியவை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். ஆங்கில நாளேட்டின் குறுக்கெழுத்தைக் காலைக் காப்பியோடு போட்டு முடிக்காமல் மற்ற வேலைக்குப் போகாதவர்கள். ஆகவே இதழில் எந்தக் கட்டுரை வந்தாலும் வராவிட்டாலும் புதிர் வந்தாக வேண்டும், அதுவும் பிழையில்லாமல் வந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எப்போதும் உண்டு. இதழின் பொறுப்பாசிரியர் நான். இங்கே விவரிக்கப்படும் பிழை என்னுடையது.

ஆங்கிலப் புதிரை அமைப்பவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர். பதினைந்துக்குப் பதினைந்து என்ற அளவில் ஆறு கட்ட அமைப்புகள் எங்களிடம் உள்ளன. அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார். சொற்களை வரைபடத் தாளில் பென்சிலால் நிரப்பிப் பார்த்து, திருப்தி ஏற்பட்ட பிறகே குறிப்புகளை எழுதுவார். அவருடைய குறிப்புகள் கிரிப்டிக் வகையைச் சேர்ந்தவை. குறிப்பின் ஒரு முனையில் விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதிப் பகுதியில் அதே விடையின் எழுத்துகளைச் சேர்த்தோ கலைத்தோ ஒளித்தோ காட்டும் சொல்விளையாட்டு இருக்கும். இரண்டு வழிகளும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால் விடை உறுதியாகிவிடும்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளக் கட்டங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்க நாளேடுகளின் புதிர்களில் ஒவ்வொரு கட்டமும் இடமிருந்து வலம் செல்லும் ஒரு சொல்லுக்கும் மேலிருந்து கீழ் செல்லும் ஒரு சொல்லுக்கும் பொதுவாக இருக்கும். பிரிட்டிஷ் மரபிலும், அதைப் பின்பற்றும் நம் நாட்டு ஆங்கில நாளேடுகளிலும், ஒரு சொல்லின் எழுத்துகளில் ஏறக்குறையப் பாதியை மட்டுமே வேறு சொற்கள் வெட்டும். மீதி எழுத்துகள் மேலும் கீழும் கறுப்புக் கட்டங்களோடு தனியே நிற்கும். முன்னதை வெட்டுக்கட்டம் என்றும் பின்னதைத் தனிக்கட்டம் என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயரால் தமிழிலேயே எழுதுகிறேன். ஏ என்பது அவற்றில் முதல் எழுத்து, இ என்பது ஐந்தாவது.

குறிப்பு மாறிய விதம்

ஜூன் மாத இதழுக்கான புதிரில் இடமிருந்து வலம் 10ஆம் எண் ஆறெழுத்துச் சொல். அமைப்பாளர் அதில் வைத்திருந்த விடை அதீனே, அதாவது ஏ-டி-எச்-இ-என்-இ. அவர் எழுதியிருந்த குறிப்பு எளிமையானது, ஆனால் கச்சிதமானது: ஏ என்ற எழுத்து, அதன்பின் ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’ என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல், அதன்பின் ‘இங்கிலிஷ்’ என்பதன் வழக்கமான சுருக்கமான இ, இம்மூன்றும் சேர்ந்தால் தெய்வம். கடைசி எழுத்து இ தான் என்பதை அந்தச் சுருக்கம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது.

அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் புதிர் கடினமாக இருப்பதாகப் புது உறுப்பினர்கள் சிலர் முறையிட்டிருந்தார்கள். குறிப்புகளில் பாதியை நேரடிக் குறிப்புகளாக மாற்றினால் அவர்களும் கலந்துகொள்வார்கள் என்று நான் கருதினேன். அமைப்பாளர் அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். அச்சகத்துக்குப் பக்கங்களை அனுப்ப ஒரு நாள்தான் இருந்தது. ஒரே மாலையில் பதினான்கு குறிப்புகளை நானே மாற்றி எழுதினேன். 10ஆம் எண்ணுக்குக் ‘கிரேக்கர்களின் அறிவுத் தெய்வம்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களை இட்டேன். மாற்றியவற்றிலேயே எந்தச் சிக்கலும் வராத குறிப்பு என்று நான் நினைத்தது அதைத்தான்.

குறிப்புகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றினேனே தவிர, ஒரு முறைகூடக் கட்டத்தைத் திறந்து பார்க்கவில்லை. அந்தச் சொல்லின் முதல், மூன்றாம், ஐந்தாம் எழுத்துகள் வெட்டுக்கட்டங்களில் இருந்தன. இரண்டாம், நான்காம், ஆறாம் எழுத்துகள் தனிக்கட்டங்களில். அதாவது, வெட்டும் சொற்கள் எல்லாவற்றையும் சரியாக நிரப்பிய ஒருவருக்கும் ஏ, எச், என் என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே உறுதிப்படும். அதீனா என்று எழுதினாலும் அதீனே என்று எழுதினாலும் அந்த மூன்று எழுத்துகள் மாறுவதில்லை. இரண்டு வடிவங்களும் வேறுபடும் ஒரே இடமாகிய ஆறாவது கட்டத்தை வேறெந்தச் சொல்லும் தொடவில்லை.

வந்த விடைத்தாள்களில் கண்டவை

மொத்தம் 64 விடைத்தாள்கள் வந்தன. வழக்கத்தைவிட இது அதிகம் என்பதால், எளிமையாக்கிய முடிவு சரியென்றே முதலில் எண்ணினோம். தாள்களைத் திருத்திய தன்னார்வலர் தம்மிடம் இருந்த விடைப்பட்டியலை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். பட்டியலில் இருந்தது அமைப்பாளர் அனுப்பிய அதீனே என்ற வடிவம். மற்ற எல்லா விடைகளும் சரியாக இருந்த தாள்கள் 47. அவற்றில் 31இல் அதீனா என்றும் 16இல் அதீனே என்றும் எழுதப்பட்டிருந்தது. அவர் 31 தாள்களையும் தவறு என்று ஒதுக்கிவிட்டு, 16 தாள்களை என்னிடம் தந்தார். நான் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு குலுக்கல் நடத்தினேன். ஒரு கல்லூரி மாணவருக்கு 1000 ரூபாய்க்கான புத்தகக் கூப்பன் பரிசாக விழுந்தது.

ஒரே இடத்தில் 31 பேர் ஒரே மாதிரியாகத் தவறு செய்திருக்கிறார்கள் என்றால், தவறு அந்த 31 பேரிடம் இருக்கிறதா, கேள்வியில் இருக்கிறதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பள்ளியில் விடைத்தாள் திருத்திய அனுபவம் உள்ள எவரும் கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

தவறான விடைகளிலும் ஒரு தடயம் இருந்தது. இரண்டு தாள்களில் பல்லாஸ் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் அதே தெய்வத்தின் பெயர். அதுவும் ஆங்கிலத்தில் ஆறெழுத்து. ஆனால் அதன் முதல், மூன்றாம், ஐந்தாம் எழுத்துகள் பி, எல், ஏ. மேலிருந்து கீழ் செல்லும் சொற்களோடு அது ஒத்துப்போகவில்லை. அந்த இருவரும் பேனாவால் முதலில் அதை எழுதிவிட்டு, பிறகு அந்த மூலை முழுவதையும் அடித்துத் திருத்திப் பார்த்துத் தோற்றிருப்பது தாளிலேயே தெரிந்தது. வெட்டுக்கட்டங்கள் தம் வேலையைச் செய்திருந்தன என்பதற்கு அதுவே சான்று. பல்லாஸ் என்ற பொருந்தாத விடையை அவை தடுத்துவிட்டன, அதீனா என்ற விடையைத் தடுக்க அவற்றால் இயலவில்லை.

கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும்

ஜூலை இதழில் விடையும் பரிசு பெற்றவரின் விவரமும் வெளியான வாரத்தில் ஒன்பது பேர் மறுப்புத் தெரிவித்தார்கள். முதல் அழைப்பு வெளியிலிருந்து வரவில்லை, அமைப்பாளரிடமிருந்தே வந்தது. இதழ் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்த அன்று மாலை அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “குறிப்பை மாத்தினீங்க, சரி. கட்டத்தைப் பார்த்தீங்களா சார்?”

மறுப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை அகராதியைச் சுட்டின. ஆங்கில அகராதிகள் பொதுவாக அதீனா என்ற வடிவத்தைத் தலைச்சொல்லாகவும் அதீனே என்பதை மாற்று வடிவமாகவும் தருகின்றன. எனவே நேரடிக் குறிப்புக்கு முதல் வடிவத்தை எழுதியவரைத் தவறு என்பது எவ்வகையில் நியாயம் என்பது அவர்களுடைய வாதம். இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

மறுபக்கம் நின்று எழுதிய ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், ஹோமரின் காவியங்களில் வருவது அதீனே என்ற வடிவம்தான் என்றும், மூலத்துக்கு நெருக்கமானதே சரியான விடை என்றும், ஆகவே தீர்ப்பை மாற்றக் கூடாது என்றும் வாதிட்டார். அவர் சொன்ன செய்தி உண்மை. ‘ஒளிவிழியாள் அதீனே’, ‘பல்லாஸ் அதீனே’ என்ற தொடர்கள் அந்தக் காவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் ஏதென்ஸ் நகரத்தவர் தம் காவல் தெய்வத்தை அழைத்த பெயர் அது இல்லை. அவர்களுடைய பழைய கல்வெட்டுகளில் அதீனாயா என்ற நீண்ட வடிவம் காணப்படுகிறது, கி.மு. நான்காம் நூற்றாண்டில் அது சுருங்கி அதீனா என்று நிலைபெற்றது. டோரிய வழக்கில் அதானா. கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் கிடைத்த, அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய களிமண் பலகை ஒன்றில் ‘அ-த-ன’ என்ற மூன்று அசைகளும் ‘தலைவி’ என்னும் பொருள் தரும் சொல்லும் சேர்ந்து வருகின்றன. ஆக, இரண்டு வடிவங்களில் ஒன்று மூலம், மற்றது திரிபு என்று பிரிக்க இடமில்லை. காவியத்தின் மொழி ஒன்று, ஏதென்ஸ் நகரத்தின் மொழி மற்றொன்று. ஆங்கிலம் இரண்டையும் எடுத்துக்கொண்டது.

இன்னொருவர், குறிப்பின் பொருளையே கேள்விக்கு உட்படுத்தினார். ஹெசியோட் சொல்லும் கதையில் அறிவின் வடிவமாக முதலில் வருபவள் மீட்டிஸ். அவளை ஜீயஸ் விழுங்கிய பிறகே அவனுடைய தலையிலிருந்து மகள் பிறக்கிறாள். எனவே அறிவுத் தெய்வம் என்ற பட்டம் தாய்க்கே முதலில் சேரும் என்று எழுதினார். ஆங்கிலத்தில் மீட்டிஸ் ஐந்தெழுத்து என்பதால் எங்கள் புதிருக்கு இது நேரடி ஆபத்தாக இருக்கவில்லை. எனினும், போர், நெசவு, கைத்தொழில், ஒலிவ மரம், நகரத்தின் காவல் என்று பல பொறுப்புகள் உள்ள ஒரு தெய்வத்தை ‘அறிவு’ என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பது புதிர்க்காரர்களின் சோம்பல் என்று அவர் முடித்திருந்தது எனக்கு உறைத்தது. ஏனெனில் அந்தச் சோம்பல் அமைப்பாளருடையது இல்லை, என்னுடையது.

எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும்

அமைப்பாளர், பொருளாளர், நான் ஆகிய மூவரும் கூடிப் பேசினோம். மூன்று வழிகள் இருந்தன. அறிவித்த விடையே இறுதியானது என்று நிற்பது முதல் வழி. பல நாளேடுகளின் போட்டிகளில் அப்படி ஒரு விதி உண்டு, எங்கள் விதிகளிலும் இருந்தது. முந்தைய குலுக்கலை ரத்து செய்துவிட்டு 47 தாள்களையும் சேர்த்து மீண்டும் குலுக்குவது இரண்டாவது. கொடுத்த பரிசை அப்படியே விட்டு, ஒதுக்கப்பட்ட 31 தாள்களுக்கு மட்டும் தனியே ஒரு குலுக்கல் நடத்தி இன்னொரு பரிசு தருவது மூன்றாவது.

முதல் வழியை அமைப்பாளர் உடனே மறுத்துவிட்டார். ஆசிரியரின் முடிவே இறுதியானது என்ற விதி, இரு பக்கமும் நியாயம் இருக்கும் வழக்கை முடித்து வைப்பதற்காக எழுதப்பட்டது. ஒரு பக்கம் நியாயமே இல்லாதபோது அதன் பின்னே ஒளிந்துகொண்டால் அடுத்த மாதம் யாரும் தாள் அனுப்ப மாட்டார்கள் என்றார். இரண்டாவது வழியில், எந்தத் தவறும் செய்யாத மாணவரிடமிருந்து பரிசைத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். கூப்பனில் அவர் ஏற்கெனவே புத்தகங்கள் வாங்கிவிட்டதாகவும் தெரிந்தது. எனவே மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

கூடுதல் பரிசின் செலவை நானே ஏற்பதாகச் சொன்னேன். பொருளாளர் அதை ஏற்கவில்லை. பிழை செய்தவர் சொந்தப் பணத்தைப் போட்டு மூடிவிட்டால் அந்தப் பிழை கணக்கில் ஏறாது, கணக்கில் ஏறாத பிழையை அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் யாரும் கேட்கவும் முடியாது என்பது அவர் கருத்து. வட்டத்தின் பணத்திலிருந்தே செலவு செய்யப்பட்டு, காரணமும் கணக்கேட்டில் எழுதப்பட்டது.

ஆகஸ்ட் இதழில் திருத்த அறிவிப்பு வெளியானது. இரண்டு விடைகளும் சரி என்பதையும், மூலக் குறிப்பு என்னவாக இருந்தது என்பதையும், அதை மாற்றியவர் பொறுப்பாசிரியரே என்பதையும் வெளிப்படையாகச் சொன்னோம். தாள்களைத் திருத்தியவர் மீதோ புதிரை அமைத்தவர் மீதோ குறை இல்லை என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி பொருளாளர் வற்புறுத்தினார். அது சரியான வற்புறுத்தல். அதுவரை உறுப்பினர்களில் பலர் அமைப்பாளரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிய வந்தது.

முடிவில் இருந்த கணக்குப் பிழை

இந்த முடிவும் முழுக்கச் சரியில்லை என்பதைப் புள்ளியியல் கற்பித்த உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். முதல் குலுக்கலில் இருந்த 16 பேருக்கும் பதினாறில் ஒன்று என்ற வாய்ப்பு கிடைத்தது. இரண்டாவது குலுக்கலில் இருந்தவர்களுக்கு 31இல் ஒன்று. அதாவது ஏறக்குறைய அதில் பாதி. சமமாகச் சரியான விடை எழுதிய இரு பிரிவினரில், முதலில் அநீதி இழைக்கப்பட்டவர்களுக்கே திருத்தத்திலும் குறைந்த வாய்ப்பு தரப்பட்டிருந்தது. 31 பேருக்கு இரண்டு பரிசுகள் வைத்திருந்தால் இரு பிரிவினரின் வாய்ப்பும் கிட்டத்தட்ட ஒன்றாகியிருக்கும். அவர் எழுதியது நான்கே வரிகள். அறிவிப்பு வெளியாகிவிட்டபடியால் அதைச் செயல்படுத்தவில்லை. அவருடைய குறிப்பைச் செப்டம்பர் இதழில் அப்படியே வெளியிட்டோம்.

கட்டத்துக்குள்ளேயே இருந்த மாற்று வழிகள்

பெங்களூரிலிருந்து திரும்பிய பின் அமைப்பாளர் ஜூன் மாத வரைபடத் தாளை என் மேசையில் விரித்து வைத்து, என்னென்ன செய்திருக்கலாம் என்று காட்டினார். இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றது அந்த அரை மணி நேரத்தில்தான்.

எங்கள் கட்டங்கள் எல்லாம் 180 பாகை திருப்பினாலும் அதே வடிவம் தருபவை. இடது ஓரத்தில் தொடங்கும் 10ஆம் எண்ணுக்கு இணையான ஆறெழுத்துச் சொல் ஒன்று வலது ஓரத்தில் முடிகிறது. திருப்பும்போது முதல் கட்டம் ஆறாவது கட்டமாகவும், மூன்றாவது நான்காவதாகவும், ஐந்தாவது இரண்டாவதாகவும் மாறுகின்றன. எனவே அந்த இணைச்சொல்லில் வெட்டுக்கட்டங்கள் இரண்டாம், நான்காம், ஆறாம் இடங்களில் அமைகின்றன. அதே தெய்வத்தை அந்த இடத்தில் வைத்திருந்தால், நான் போட்ட அந்த மொட்டைக் குறிப்பே போதுமானதாக இருந்திருக்கும். கடைசி எழுத்து ஏயா இயா என்பதைக் கீழ்நோக்கிச் செல்லும் சொல் தீர்த்து வைத்திருக்கும். அமெரிக்கப் புதிர்களில் இந்தக் குறிப்பு அடிக்கடி வந்தும் தகராறு எழாததற்குக் காரணமும் இதுவே. அங்கே பழகியவர்கள் ஏ-டி-எச்-இ-என் என்ற ஐந்தெழுத்தை எழுதிவிட்டுக் கடைசிக் கட்டத்தை வெட்டும் சொல் கிடைக்கும்வரை காலியாக விட்டுவைப்பார்கள்.

இடத்தை மாற்ற முடியாவிட்டால் நேர்ப்பொருளை மாற்றலாம். இதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டு அழகானது. சிறு ஆந்தைகளின் பேரினத்துக்கு விலங்கியலில் வழங்கும் பெயர் அதீனே. அதில் எழுத்து மாற்றத்துக்கு இடமே இல்லை. ஏதென்ஸின் வெள்ளிக் காசுகளில் தெய்வத்தோடு பொறிக்கப்பட்ட ஆந்தையும் அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததே. நம் ஊரில் மாலையில் மின்கம்பியில் உட்கார்ந்து தலையை ஆட்டும் புள்ளி ஆந்தையும் அதே பேரினம். ‘ஆந்தைப் பேரினம்’ என்று குறிப்பு எழுதினால் அதீனே மட்டுமே விடை. மாறாக அதீனா என்ற வடிவம் வேண்டுமென்றால், அக்ரோபோலிஸில் உள்ள அதீனா நைக்கி கோயிலைக் குறிப்பாக்கலாம். அருகில் இருந்த மென்பொருள் பொறியாளரான இளைஞர், மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1983இல் தொடங்கிய அதீனா கணினித் திட்டத்தைச் சொன்னார். எக்ஸ் விண்டோ என்ற வரைகலை அமைப்பு அங்கேதான் உருவானது. பல்லாஸ் வேண்டுமென்றால் 1802இல் ஓல்பர்ஸ் கண்டறிந்த சிறுகோள் இருக்கிறது. ஒரே தெய்வத்தின் மூன்று பெயர்களுக்கும் தனித்தனியே ஐயமற்ற குறிப்புகள் கிடைக்கின்றன. ‘அறிவுத் தெய்வம்’ என்ற ஒன்றுதான் மூன்றுக்கும் பொதுவாக நின்று குழப்புகிறது.

மூன்றாவது வழி, அவர் முதலிலேயே செய்திருந்தது: தனிக்கட்டத்தின் எழுத்தைச் சொல்விளையாட்டால் பூட்டிவிடுவது. கிரிப்டிக் குறிப்பைக் கடினமான குறிப்பு என்றும் நேரடிக் குறிப்பை எளிய குறிப்பு என்றும் நான் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவு தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு குறிப்பை மாற்றக் கூடாது. சொல்விளையாட்டை நீக்கியபோது கடினத்தோடு சேர்த்து ஒரு சான்றையும் நீக்கிவிட்டேன். அந்தச் சான்று இல்லாத இடத்தில் அதை ஈடுசெய்யக் கட்டமும் முன்வரவில்லை.

தமிழ்ப் பக்கத்தில் அதே தெய்வம்

தமிழ்ப் புதிரை அமைப்பவர் வேறொருவர். அஞ்சல் துறையில் பணியாற்றியவர். இந்தச் சலசலப்பைப் பார்த்து, அக்டோபர் இதழில் அதே தெய்வத்தைத் தமிழில் வைத்துப் பார்க்க விரும்பினார். தமிழில் சிக்கல் கடைசி எழுத்தோடு நிற்கவில்லை. அதீனா, ஏதெனா, அத்தீனா என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். தமிழ்ப் புதிரில் புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டென்பதால், முதலிரண்டும் மூன்று கட்டங்கள், மூன்றாவது நான்கு கட்டங்கள். எழுத்துக்கூட்டு மாறினால் கட்டத்தின் அளவே மாறிவிடுகிறது.

அவர் எழுதிய குறிப்பு இது: ‘அந்தத் தீயில் தலையிழந்த வினா, கிரேக்கரின் தெய்வம் (3).’ அந்த என்பதற்குச் சுட்டெழுத்தாகிய அ, அதன்பின் தீ, வினா தலையிழந்தால் னா. தந்தையின் தலையைப் பிளந்துகொண்டு பிறந்தவளுக்குத் தலையிழந்த சொல் ஒன்று உதவுவதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. அச்சுக்குப் போகுமுன் தமிழாசிரியரான ஓர் உறுப்பினரிடம் காட்டினோம். அவர், அகரச் சுட்டுக்குப் பின் வல்லினம் மிகும், அ என்பதும் தீ என்பதும் சேர்ந்தால் ‘அத்தீ’ என்றுதான் ஆகும், ஆகவே விடை அத்தீனா என்று ஒருவர் வாதாடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இலக்கணப்படி அந்த வாதம் நிற்கும். ஆனால் அடைப்புக்குறிக்குள் மூன்று என்று இருப்பதால் நான்கெழுத்து விடைக்கு இடமில்லை என்று முடிவு செய்து குறிப்பை அப்படியே விட்டோம். ஏதெனா என்று எழுத விரும்புபவரை முதல் இரண்டு எழுத்துகளின் சொல்விளையாட்டே திருப்பி அனுப்பிவிடும். அந்த மாதம் இக்குறிப்பைப் பற்றி ஒரு மறுப்பும் வரவில்லை. வல்லினம் மிகாமல் விட்டதற்கு வருத்தம் தெரிவித்து ஓர் அஞ்சலட்டை மட்டும் வந்தது.

அதன் பின்

ஆங்கிலப் புதிரின் அமைப்பாளர் ஆகஸ்ட், செப்டம்பர் இரு மாதங்களுக்குப் புதிர் தரவில்லை. கோபம் என்று அவர் சொல்லவில்லை. பேரக்குழந்தையைக் காரணம் காட்டினார். அந்த இரு மாதங்களும் பழைய புதிர்களையே மறுபதிப்புச் செய்தோம். விடைத்தாள்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அக்டோபரில் அவர் திரும்பி வந்தபோது இரண்டு நிபந்தனைகள் வைத்தார். அவர் பார்க்காமல் எந்தக் குறிப்பும் மாறக் கூடாது. எளிய குறிப்புகள் வேண்டுமானால் எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால், எந்தெந்த எண்களுக்கு அவற்றைத் தர முடியும் என்பதைக் கட்டத்தைப் பார்த்து அவரே தீர்மானிப்பார். இரண்டையும் ஏற்றோம்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே கட்ட அமைப்பில், அதே 10ஆம் எண்ணில், அதே தெய்வத்தை அவர் மீண்டும் வைத்தார். இம்முறை ஈத்தேன் வாயுவின் ஆங்கிலப் பெயரைக் கலைத்துப் போட்டால் தெய்வம் வரும்படி குறிப்பு அமைந்திருந்தது. ஈத்தேனின் ஆறெழுத்துகளில் இ இரண்டு, ஏ ஒன்றே ஒன்று என்பதால் அதீனா என்று முடிக்க வழியில்லை. வந்த தாள்களில் இரண்டில் மட்டும் அதீனா இருந்தது. இருவரும் எழுத்துகளை எண்ணிப் பார்க்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டார்கள்.

இன்று செய்வதாக இருந்தால்

புது உறுப்பினர்களுக்காகப் புதிரை எளிமையாக்கும் முடிவை இன்றும் எடுப்பேன். 64 தாள்கள் வந்தது அந்த முடிவு தேவையானது என்பதைக் காட்டியது. ஆனால் மாற்றும் ஒவ்வொரு குறிப்புக்கும் விடையின் மாற்று எழுத்துக்கூட்டுகளை எழுதிப் பார்த்து, அவை வேறுபடும் கட்டத்தை ஏதேனும் ஒரு சொல் வெட்டுகிறதா என்று பென்சிலால் தொட்டுப் பார்ப்பேன். பதினான்கு குறிப்புகளுக்கு இதைச் செய்யக் கால் மணி நேரம் போதும். அயல்நாட்டுப் பெயர்கள் வரும் இடங்களில் இது இன்னும் அவசியம். அமைப்பாளர் அதன்பின் கொண்டுவந்த மினர்வாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அவள் ரோமானியத் தெய்வம் என்பதைக் குறிப்பு சொல்லியாக வேண்டும்.

விடைத்தாள்களைத் திருத்துபவருக்கும் ஒரு வழிமுறை தந்திருக்கிறோம். ஒரே எண்ணுக்கு ஒரே மாற்று விடையைப் பத்துப் பேருக்கு மேல் எழுதியிருந்தால் குலுக்கலுக்கு முன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டும். கேட்டுத் தெளியும்வரை பரிசு அறிவிப்பு அச்சுக்குப் போகாது; தேவைப்பட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். அப்படி ஒரு முறை தள்ளிப்போடவும் செய்தோம், அப்போது மாற்று விடை தவறானது என்றே முடிவானது.

ஆறு கட்ட அமைப்புகளின் மூலத்தாள்களும் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றில் எந்தெந்தச் சொல்லின் கடைசி எழுத்து தனிக்கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டங்களில் எல்லாம் அமைப்பாளர் சிவப்புப் பென்சிலால் சிறிய பெருக்கல் குறி இட்டிருக்கிறார். 10ஆம் எண்ணின் ஆறாவது கட்டத்தில் மட்டும் இரண்டு குறிகள் உள்ளன.